கூரையேறுபவர் யார்? மும்பையில் பழங்கட்டடங்கள் அலுவலகமான வரலாறு

பழங்கட்டடம் ஒன்றை அலுவலகமாக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் கண் முகப்பிலேயே நின்றுவிடுகிறது. வளைவு தப்புமா, தூண் தப்புமா என்று கேட்கிறோம். 1995இல், இந்தியாவிலேயே முதன்முதலாக மும்பைக்கு வகுக்கப்பட்ட மரபுக் கட்டட விதிகளும் இந்தப் பார்வையில் பிறந்தவையே. கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்து, எதை எந்த அளவுக்கு மாற்றலாம் என்று அவை வரையறுத்தன. கூரை ஒழுகினால் யார் ஏறிப் பார்ப்பது என்பதோ அன்றாடப் பேரங்களுக்கு விடப்பட்டது. பழங்கட்டடத்தின் ஆயுளை முடிவு செய்வது இந்தக் கேள்விதான் என்பது இக்கட்டுரையின் வாதம். புழங்குபவரும் பழுதுபார்ப்பவரும் ஒருவராக இருக்கும்வரை கட்டடம் நிற்கிறது. இருவரும் பிரிந்தால் எந்தத் தரவரிசையும் அதைத் தாங்குவதில்லை.

வாட்சன் விடுதி: அறை அறையாக ஒரு மாற்றம்

மும்பை ஃபோர்ட் பகுதியின் காலாகோடாவில் நிற்கும் எஸ்பிளனேடு மேன்ஷன் இதற்கு முதல் சான்று. ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் வடிவமைத்த வார்ப்பிரும்புச் சட்டகத்தை இங்கிலாந்தில் வார்த்து, கப்பலேற்றிக் கொண்டுவந்து பூட்டி எழுப்பிய கட்டடம் அது. வாட்சன் விடுதி என்ற பெயரில் அது புகழ்பெற்றிருந்த 1896 ஜூலை 7 அன்று, லூமியேர் சகோதரர்களின் சலனப்படங்கள் இந்தியாவில் முதன்முதலாக அங்கேதான் காட்டப்பட்டன.

1960களில் விடுதி மூடப்பட்டது. அதற்குள் அப்பகுதியில் ஒரு மேசை போட இடம் கிடைப்பதே அரிதாகியிருந்தது. மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய தமிழ்ச் சுருக்கெழுத்தர்களும் தட்டச்சர்களும் நாள்தோறும் ரயிலேறிப் போனது இந்த ஃபோர்ட் பகுதிக்குத்தான். பக்கத்திலேயே நீதிமன்றம். விடுதியின் கூடங்கள் தடுக்கப்பட்டு, தனித்தனி வாசல் கொண்ட சிற்றறைகளாயின. அவற்றுள் பல வழக்கறிஞர் அறைகளாயின. காற்றுக்காக விடப்பட்ட பலகணிகளும் அடைபட்டன. வரைபடம் போட்டு யாரும் செய்த மாற்றமல்ல இது. பலகை பலகையாக நடந்தது.

கேடு பலகையில் இல்லை, கணக்கில் இருந்தது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை 1940ஆம் ஆண்டு நிலையோடு கட்டிப்போட்டது. இடம் கைமாறும்போது பெருந்தொகை கைமாறும் ‘பகடி’ முறை அதன் நிழலில் வளர்ந்தது. குடியிருப்பவருக்குக் கிட்டத்தட்ட உரிமையாளரின் பலன். உரிமையாளருக்குப் பெயரளவில் வாடகை. பலன் பல கைகளுக்குப் போயிற்று, பழுதுபார்க்கும் கடமை எந்தக் கையிலும் தங்கவில்லை. 2005 ஜூலையில் பலகணிகள் சரிந்து ஒருவர் உயிரிழந்தார். 2019இல் கட்டடம் காலிசெய்யப்பட்டது. இடிக்கலாம் என்றது மும்பை ஐஐடியின் ஆய்வு. காப்பாற்றலாம் என்றனர் மரபுக் கட்டட வல்லுநர்கள்.

ஆலைகள்: ஒரே உரிமையாளர் போதுமா?

அப்படியானால் ஒரே உரிமையாளர் இருந்தால் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். மும்பைப் பரேலின் பழைய நெசவாலைகள் இதற்கு விடை. மும்பையின் 1991ஆம் ஆண்டு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58ஆவது விதியின்படி, ஆலை நிலத்தைக் காலியாக்கிக் கட்டினால் மாநகராட்சிக்கும் பொதுக் குடியிருப்புக்கும் பங்கு தர வேண்டியிருந்தது. இருக்கும் கொட்டகைக்குள்ளேயே அலுவலகம் அமைத்தால் அந்தப் பங்கீடு எழவில்லை. பழங்கட்டட மறுபயன்பாடு இங்கே மரபுக் காதலால் மட்டும் தொடங்கவில்லை. பங்கு தராமல் தப்பும் வழியாகவும் அது பயன்பட்டது. பங்கீடு வெற்று நிலத்துக்கு மட்டுமே என்று 2001இல் விதி திருத்தப்பட, 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

2017 டிசம்பர் 29 அதிகாலை, அலுவலகங்களும் உணவகங்களுமாக மாறியிருந்த கமலா மில்ஸ் வளாகத்தின் மொட்டைமாடியில் தீப்பற்றி 14 பேர் இறந்தனர். வழக்கு உணவகக்காரர், வளாக உரிமையாளர், தீயணைப்பு அதிகாரி என்று பல திசையில் பாய்ந்தது. உரிமம் ஒருவரிடம், புழக்கம் ஒருவரிடம், சோதனை இன்னொருவரிடம் என்று பொறுப்பு சிதறிக் கிடந்ததையே அந்தப் பட்டியல் காட்டுகிறது.

சேப்பாக்கத்தின் பாடம்

உரிமையாளர் அரசாகவே இருந்தாலும் கதை எளிதல்ல. சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் அரசு அலுவலகமாக இயங்கியபோதுதான் 2012 ஜனவரியில் எரிந்தது. மர உத்திரங்கள் தாங்கிய கூரைக்குக் கீழே காகிதக் கட்டுகள் நிறைந்த அலுவலகம். பிறகு பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரை கொண்டு அதை மீட்டது; இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இருக்கிறது. முன்பும் அலுவலகம், இப்போதும் அலுவலகம். இடையில் மாறியது ஒன்றுதான்: கட்டடம் எதனால் ஆனது என்பதை அறிந்தவர்களின் கை அதில் பட்டது. ஆகவே நம் வாதத்தைச் சற்றுக் கூர்மையாக்க வேண்டும். பொறுப்பு ஒரு கையில் இருப்பது மட்டும் போதாது. அந்தக் கை கட்டடத்தின் பொருளை அறிந்ததாகவும் இருக்க வேண்டும்.

தாராவி: பிரியாத வீடும் வேலையும்

இந்த அறிவைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தாராவித் தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய சந்துகளில் கீழே பட்டறை, மேலே படுக்கை, நடுவே செங்குத்தான இரும்பு ஏணி. மே மாதக் கடைசியில் தகரக் கூரைகள் மீது நீலத் தார்ப்பாய் ஏறும். ஏற்றுபவர் அந்தக் கூரைக்குக் கீழே தைப்பவரோ தோல் வெட்டுபவரோதான். ஒழுகினால் நனைவது அவருடைய சரக்கு. நெரிசலையும் சுகாதாரக் கேட்டையும் இதைச் சொல்லி நியாயப்படுத்த முடியாது. ஆனால் புழக்கமும் பழுதுபார்ப்பும் பிரியாத ஒழுங்கு அங்கே இருக்கிறது. அடுக்குமாடியில் வீடு ஒரு மாடியிலும் தொழில் வேறொரு கட்டடத்திலுமாகப் பிரியும்போது, அந்த ஒழுங்கின் இடத்தில் எதை வைக்கப்போகிறோம் என்பதை, அடுக்குமாடிகளைக் கொண்டுவரும் தாராவி மறுசீரமைப்புத் திட்டம் சொல்லியாக வேண்டும்.

முடிவாக ஒரு நடைமுறை: பழங்கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற அனுமதி கொடுக்குமுன், முகப்பு வரைபடத்தோடு ஒரு பழுதுபார்ப்பு ஒப்பந்தமும் கேட்கப்பட வேண்டும். வாடகையில் ஒரு பங்கு அதற்கென ஒதுக்கப்பட வேண்டும். ஜூன் மழைக்கு முன் ஆண்டுதோறும் சோதனை நடக்க வேண்டும். பொறுப்பேற்பவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தாராவியில் வீடுகள் நெருக்கி நிற்கும் காலா கில்லா என்ற கருங்கோட்டையின் கல்வெட்டில், 1737இல் அதைக் கட்டச் சொன்ன ஆளுநர் ஜான் ஹார்னின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு பெயருக்கும் இடம் வேண்டும்: மழைக்கு முன் கூரையேறுபவரின் பெயர்.