கொசுறுக் கொத்தமல்லியும் கால் கிலோ கேரட்டும்

இந்த எபிசோடில் ராஜா கிடையாது, போர் கிடையாது. ஒரு அட்டவணை மட்டும்தான் இருக்கு. ஆனா அந்த அட்டவணைக்குப் பின்னால் குழந்தைகளோட கண் இருக்கு. அதனால கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

"கேரட்டை விட கொத்தமல்லித் தழையில் மூன்றரை மடங்கு வைட்டமின் ஏ!" இந்த மாதிரி ஒரு ரீல்ஸ் உங்க கண்ணில் பட்டிருக்கும். கேக்கவே நல்லா இருக்கு இல்லையா? கேரட்டுக்கு எடை போட்டு காசு வாங்குற கடைக்காரர், கொத்தமல்லியைக் கொசுறா பையில் திணிக்கிறார். அந்தக் கொசுறுதான் அசல் புதையல்னு யாராவது சொன்னா நம்பத் தோணும். நான் பார்த்தவரைக்கும் இது முழுப் பொய் இல்லை. இந்த எண் ஒரு புத்தகத்திலிருந்து வருது. அந்தப் புத்தகத்தோட கதைதான் இன்னைக்கு.

கதை தொடங்கும் இடம் குன்னூர். 1918-ல் அங்கே இருந்த பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர், பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்ன ஆய்வகம் ஆரம்பித்தார். 1935-ல் அதன் இயக்குநராக வந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். டப்ளினில் பிறந்தவர், அதுக்கு முன்னாடி ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் காலத்தில்தான், நம்ம ஊர்ச் சந்தையில் விற்கும் அரிசி, பருப்பு, கீரை, மீன் எல்லாத்தையும் வரிசையாகச் சோதித்து, எதில் என்ன சத்து எவ்வளவு இருக்குன்னு அட்டவணை போட்டார்கள். 1937-ல் அது அரசு வெளியீடாக, 23-ஆம் எண் சுகாதாரக் கையேடாக வந்தது. விடுதி, சிறை, மருத்துவமனை, பஞ்ச நிவாரண முகாம் என்று எங்கே மொத்தமாகச் சமைத்தாலும், உணவுத் திட்டம் போட இது கைக்கு உதவும். அதுதான் நோக்கம். ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இன்னைக்கு அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

கீரையில் கரோட்டினை ஏன் எண்ணினார்கள்? அந்தக் காலத்து மெட்ராஸில் குழந்தைகளின் கருவிழி கரைந்துபோகும் நோய் சகஜம். முதலில் மாலைக்கண் வரும், விளக்கு வைக்கிற நேரத்தில் குழந்தை தடுமாறும். அப்புறம் கண் வறண்டுபோகும். கடைசியில் விழியே மெழுகு மாதிரி இளகிவிடும். காரணம் வைட்டமின் ஏ இல்லாமை. செடிகளில் வைட்டமின் ஏ நேரடியாகக் கிடையாது, கரோட்டின்தான் இருக்கு. உடம்புதான் அதை வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. இதை 1930-ல் கேம்பிரிட்ஜில் தாமஸ் மூர் எலிகளை வைத்து நிரூபித்தார். அது குன்னூருக்கு நல்ல செய்தி. மீன் எண்ணெய் வாங்க முடியாதவர்கள் வீட்டில்கூட கீரை இருக்குமே. அய்க்ராய்டும், மெட்ராஸ் அரசு கண் மருத்துவமனையின் ஆர்.ஈ. ரைட்டும் சேர்ந்து, கரோட்டின் நிறைந்த செம்பனை எண்ணெயை இந்த நோய்க்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்து, அதே 1937-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

இனி ரீல்ஸுக்கு வருவோம். அந்தக் கையேடு வளர்ந்து, பின்னாளில் சி. கோபாலனும் சகாக்களும் தொகுத்த பெரிய புத்தகமாச்சு. ஹோம் சயின்ஸ் படித்தவர்கள் வீட்டில் இன்னும் ஒரு பிரதி இருக்கும். அதில் 100 கிராம் கொத்தமல்லித் தழைக்கு 6,918 மைக்ரோகிராம் கரோட்டின். கேரட்டுக்கு 1,890. வகுத்துப் பாருங்க, மூன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலேயே வரும்.

ஆனா 2017-ல் அதே நிறுவனம் புதிய கருவிகளோடு எல்லாத்தையும் மறுபடி அளந்தது. இப்போ பீட்டா கரோட்டினில் கொத்தமல்லி சுமார் 3,800, ஆரஞ்சு கேரட் சுமார் 5,400. அமெரிக்க வேளாண் துறை அட்டவணையில் 3,930-க்கு 8,285. இரண்டிலும் கேரட்தான் முன்னால். கொத்தமல்லி மாறிடுச்சா? இல்லை, அளக்கிற முறை மாறிடுச்சு. பச்சைத் தழையில் மஞ்சள் நிறமிகள் பல வகை. எல்லாமே வைட்டமின் ஆகாது. பழைய முறைகளால் அவற்றைச் சரியாகப் பிரிக்க முடியவில்லை. கேரட்டிலோ ரகத்துக்கு ரகம் அளவு ஏகத்துக்கு வேறுபடும்.

இரும்புச் சத்து கதை இன்னும் சுவாரசியம். பழைய பதிப்பில் 100 கிராம் கொத்தமல்லியில் 18.5 மில்லிகிராம் இரும்பு. திருத்திய பதிப்பில் 1.42! தழையில் ஒட்டியிருக்கும் மண்ணிலும் இரும்பு உண்டு. முன்னே அதையும் சேர்த்து எண்ணியிருக்காங்க. இன்னைக்கும் சில சமையல் புத்தகங்களில் அந்த 18.5 உயிரோடு சுத்திக்கிட்டிருக்கு.

சரி, கேரட் ஜெயிச்சாச்சா? இந்த மாதிரிப் போட்டிகளில் எனக்கு எரிச்சல் வருவது அந்த "100 கிராம்" மேல்தான். அது ஆய்வகத்தோட வசதிக்கு வைத்த அளவு. ரசத்தில் கிள்ளிப் போடுற கொத்தமல்லி ஐந்து கிராம் இருக்குமா? நம் உடம்பு 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினை எடுத்து ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ செய்யும் என்பது 2001-ல் அமெரிக்க நிபுணர் குழு வைத்த கணக்கு. அந்தக் கணக்குப்படி ரசத்தில் கிடைப்பது 16. சின்னக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 400. அதே தழையைத் துவையலாக அரைத்து ஆளுக்கு 30 கிராம் சாப்பிட்டால் 100 கிட்ட வரும். 60 கிராம் கேரட் பொரியல்னா 400-ஐத் தொடும். இன்னொரு பக்கம், வைட்டமின் சி-யில் கொத்தமல்லி 27 மில்லிகிராம், கேரட் 6-தான். வைட்டமின் கே-யில் கேரட் கிட்டவே வர முடியாது. அதுவும் கொத்தமல்லியை அடுப்பை அணைத்த பிறகுதானே தூவுறோம், வைட்டமின் சி அவ்வளவா வீணாகாது. பாட்டிகள் வாசனைக்காகச் செய்தது, இதுக்கும் உதவிருச்சு.

அந்த 12-க்கும் ஒரு கதை இருக்கு. அதுக்கு முன்னாடி உலகம் முழுக்க 6 என்றே கணக்குப் போட்டார்கள். எண் மாறியதும், உலகத்தில் இருக்கிற எல்லாக் கீரை, காய்களின் வைட்டமின் ஏ மதிப்பும் காகிதத்தில் ஒரே நாளில் பாதியாகிவிட்டது. சந்தேகத்தைக் கிளப்பியதில் பெரிய பங்கு 1995-ல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வுக்கு. மேற்கு ஜாவாவில் பால் கொடுக்கும் தாய்மார்களில் ஒரு குழுவுக்குத் தினமும் வதக்கிய கீரை. இன்னொரு குழுவுக்கு அதே அளவு பீட்டா கரோட்டின் சேர்த்த வேஃபர் பிஸ்கட். 12 வாரம் கழித்துப் பார்த்தால், பிஸ்கட் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் ஏ கூடியிருந்தது. கீரை சாப்பிட்டவர்களுக்குக் கூடவே இல்லை. தழையின் செல்லுக்குள்ளே கரோட்டின் இறுக்கமாகப் பிணைந்து கிடக்கு, குடல் அதைப் பிரித்தெடுக்கத் திணறுது. நல்லா மசித்து, எண்ணெய் சேர்த்தா நிலைமை கொஞ்சம் மாறும். ஹைதராபாத் ஆய்வாளர்கள் குழந்தைகளுக்குக் கீரையோடு 5 கிராம் எண்ணெய் சேர்த்துக் கொடுத்ததிலேயே வித்தியாசம் பார்த்தார்கள்.

ஜாவா முடிவு வந்தபோது எத்தனை சுகாதாரப் பணியாளர்கள் நொந்திருப்பாங்கன்னு யோசிக்கிறேன். அறுபது வருஷமா ஏழைத் தாய்மார்களுக்கு எல்லாரும் சொன்ன ஒரே அறிவுரை "கீரை கொடும்மா" என்பதுதான். கொடுத்தும் குழந்தைக்குக் கண் மங்கினால், பழி அம்மா மேல் விழும்.

அதற்கிடையில் இந்தியா 1970-லேயே வேறு வழியையும் எடுத்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைக்கு 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ திரவம். அதை வடிவமைத்தது ஹைதராபாத் நிறுவனம். அப்போது தலைமையில் இருந்தவர், நான் முன்னே சொன்ன அதே கோபாலன், சேலத்தில் பிறந்தவர். பிற்காலத்தில் அந்தத் திட்டத்தை நிரந்தரமாக நீட்டிப்பதைக் கடுமையாக எதிர்த்தவரும் அவரேதான். சொட்டு மருந்து அவசரத்துக்கு, தீர்வு சாப்பாட்டில் இருக்கணும் என்பது அவர் வாதம்.

அவர் வாதத்துக்கு வலு சேர்க்கிற சான்று திருச்சி மாவட்டத்திலிருந்து கிடைத்தது. மதுரையைச் சேர்ந்த எல். ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் 15,419 குழந்தைகளை ஒரு வருஷம் பின்தொடர்ந்தார்கள். பெரிய டோஸ் கிடையாது. வாரம் 8,333 யூனிட், அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 350 மைக்ரோகிராம். நல்ல சாப்பாட்டில் கிடைக்கக்கூடிய அளவு. 1990-ல் முடிவு வெளியானது. அந்தச் சின்ன அளவு கிடைத்த குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவு. கண்ணுக்காகத் தொடங்கிய தேடல், உயிர் வரைக்கும் போயிருந்தது.

அந்த 350-ஐத் தினமும் ஒரு குழந்தையின் தட்டில் எப்படி வைக்கிறது? கால் கப் கேரட்டா, எண்ணெய் விட்டு வதக்கிய முருங்கைக்கீரையா, வாரத்துக்கு ஒரு நாள் ஆட்டு ஈரலா, பாலா, முட்டையா? நிபுணர்கள் இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. அடுத்த எபிசோடில் முருங்கையைப் பத்திப் பேசுவோம், அதுல பெரிய எண்கள் இன்னும் நிறைய வரும்.