ஓடுகளமும் நம் பிள்ளைகளும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், பள்ளி, விடுதி, உதவித்தொகை ஆகியன பற்றி இம்மலரில் அறிந்தோர் பலர் எழுதியுள்ளனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் சிறியதாகத் தோன்றக்கூடும். ஆண்டுதோறும் நாம் நடத்தி வரும் பிள்ளைகளின் விளையாட்டு விழாவைப் பற்றியே இங்குப் பேச விழைகின்றோம். பரிசு பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் ஆண்டறிக்கையில் உள்ளன. கடைசியாக ஓடி வந்த பிள்ளைக்கு அறிக்கையில் இடமில்லையாதலின், அப்பிள்ளையைப் பற்றி இங்கே எழுதுகின்றோம்.

சென்ற ஆண்டு விழாவில் 400 மீட்டர் ஓட்டம் நடைபெற்றது. முதல் மூவர் எல்லையைக் கடந்ததும், கயிறு பிடித்திருந்த தொண்டர்கள் அதைச் சுருட்டிக்கொண்டு அடுத்த போட்டிக்கு ஆயத்தமாயினர். வெகுவாகப் பின்தங்கி வந்த சிறுமி ஒருத்தி, ஓட்டம் எங்கே முடிகிறது என்பதறியாமல், பனியில் நனைந்து மங்கிப்போன சுண்ணாம்புக் கோட்டையும் தாண்டி, வேலியோரம் வரை ஓடிச் சென்று நின்றாள். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். கெட்ட எண்ணத்தில் சிரித்தவர்கள் அல்லர், நம்மவர்களேதாம். ஆயினும் அப்பிள்ளை வேலிக்கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பாராமல் நின்றதை நாம் கண்டோம்.

அடுத்துக் கூடிய செயற்குழுவில் இது விவாதமாயிற்று. இறுதிவரை ஓடி முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாராட்டு வேண்டும் என்று சிலர் கூறினர். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நம் பிள்ளைகள் முன்னுக்கு வர வேண்டும் என்றுதான் இச்சங்கத்தைத் தொடங்கினோம். கடைசியில் நின்று பழகியவர்கள் நாம். அதற்கு வேறு கைதட்டிப் பழக்க வேண்டுமா?" என்று கேட்டார். அக்கேள்வியைத் தட்டிக் கழிப்பதற்கில்லை. தம் வாழ்நாள் முழுவதும் வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்ட ஒருவர் கேட்ட கேள்வி அது. அதற்கு விடை தேடியே நாம் நம் வரலாற்றைச் சற்றுப் புரட்டினோம்.

முதலில் நம் கண்முன் வந்தவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். 1939ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில், கோயமுத்தூரில் தாம் பயின்ற நாள்களைப் பற்றி அவர் எழுதியுள்ளார். ஏறத்தாழ 400 மாணாக்கர் பயின்ற அவ்விடத்தில் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர். தம் சாதியும் குடியிருப்பும் பிறர்க்குத் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவரே என்றஞ்சி, மணி அடிக்கும்வரை அவர் வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். வகுப்பு முடிந்ததும், உடன் பயில்வோர் எட்டிப் பிடிக்க இயலாதபடி விரைந்து வீடு சேர்வாராம். மற்றப் பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாத கொடுமையை எண்ணி மனங்கலங்கியதை அவர் மறைக்காமல் குறித்துள்ளார். வட்டமேசை மாநாட்டில் பேரரசின் அமைச்சர்கள் முன் அமர்ந்து நமக்காக வழக்காடிய பெருமகன், எண்பதை நெருங்கும் வயதில் தம் வாழ்வைத் திரும்பிப் பார்க்கும்போது, விளையாடாமற்போன அந்தப் பிள்ளைப் பருவத்தை மறக்கவில்லை. ஓட்டத்தில் அவர் தோற்கவில்லை. ஓடுவோர் வரிசையில் நிற்கவே அவரால் இயலவில்லை.

அவ்விளைஞர் பின்னர்க் கணக்கராகப் பணிபுரிய வந்தது நம் நீலகிரி மலைக்கேயாம். 1890இல் சென்னை சேர்வதற்கு முன் பல ஆண்டுகள் அவர் இங்கே வாழ்ந்தார். அவருடைய உறவினரான அயோத்திதாச பண்டிதரும் இம்மலையில் வாழ்ந்தவரே. 1891இல் திராவிட மகாஜன சபையின் மாநாடு உதகையில் கூடியது. நம் முன்னோர் இவ்வாறு சிந்தித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இம்மலையின் சமதரைகள் எவர் கையில் இருந்தன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலையில் சமதரை கிடைப்பதரிது. கிடைத்த சமதரையில் வெள்ளையர் குதிரைப் பந்தயம் நடத்தினர், பந்தாடினர். ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதிமுறை எழுதி மாட்டியதை இன்றும் பெருமையாகச் சொல்வர். அந்தப் புல்தரைகளைச் செதுக்கிச் சீராக்கியவர்களும், குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டியவர்களும், பந்து பொறுக்கியவர்களும் எந்தச் சேரியிலிருந்தும் எந்த லைன் வீட்டிலிருந்தும் சென்றனர் என்பதை எவரும் எழுதி மாட்டவில்லை.

புல்தரையைச் சீராக்கிய ஒருவர் ஆட்டக்காரரும் ஆன வரலாறு ஒன்று உண்டு. அது மராட்டிய நாட்டில் நிகழ்ந்தது. தார்வாரில் பிறந்த பல்வாங்கர் பாலு, தோல் தொழில் செய்யும் சாதியைச் சேர்ந்தவர். பூனாவில் ஒரு கிரிக்கெட் சங்கத்தில் மாதம் 3 ரூபாய்க்கு ஆடுகளம் பெருக்கினார். பின் ஐரோப்பியர் சங்கத்தில் 4 ரூபாய்க்குச் சேர்ந்தார். அங்கே வெள்ளையரின் பயிற்சிக்காகப் பந்து வீசி வீசியே தேர்ந்த பந்துவீச்சாளரானார். அவர் திறமை பூனா இந்துக்களின் அணிக்குத் தேவைப்பட்டது, ஆகவே சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் எறிந்த பந்தைத் தொட்டவர்கள், தேநீர் வேளையில் அவரை வெளியே நிறுத்தி, குடித்தபின் எறியும் மண் குவளையில் தேநீர் கொடுத்தனர். 1906இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை வென்றதற்கு அவரும் ஒரு காரணர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 100 விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். இவ்வளவிருந்தும் அணித்தலைவர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்கே அது வந்தது.

1932ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தில் அண்ணல் அம்பேத்கரோடு கையொப்பமிட்டவர்களின் பட்டியலைப் பார்த்தால், சீனிவாசன் பெயரும் இருக்கும், பாலு பெயரும் இருக்கும். அவ்வொப்பந்தத்தைப் பற்றி நமக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்குக் கிளற விரும்பவில்லை. விளையாட விடப்படாத பிள்ளையும், விளையாடி வென்றும் வெளியே நிறுத்தப்பட்ட வீரரும் ஒரே தாளில் கையெழுத்திட்டுள்ளனர் என்பது மட்டுமே நாம் சுட்ட வந்தது. செயற்குழுவில் பேசிய பெரியவர்க்கு விடையின் ஒரு பாதி இங்கே இருக்கிறது. பாலு முன்னுக்கு வந்தவர்தாம். அவர்க்குக் கிடைத்தது மண் குவளை. வெற்றியோடு மதிப்பும் தானாகவே வந்து சேரும் என்று நம் பிள்ளைகளிடம் சொல்வோமாயின், நாம் பொய் சொல்கிறவர்களாவோம். மதிப்பு என்பது பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கொடுப்பது.

மறுபாதியைத் தேடி டோக்கியோ வரை செல்ல வேண்டும். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அங்கே ஒலிம்பிக் 10,000 மீட்டர் ஓட்டம் நடைபெற்றது. களத்தை 25 முறை சுற்ற வேண்டும். வந்தோர் பலர், இடையிலேயே விலகியோரும் பலர். இலங்கையிலிருந்து வந்திருந்த ரணதுங்க கருணானந்தா என்னும் படைவீரர், 67ஆம் எண் அணிந்து ஓடினார். சளியால் உடல் நலிந்திருந்த அவரை முன்னோடிகள் மீண்டும் மீண்டும் சுற்றிக் கடந்தனர். எல்லாரும் ஓடி முடித்தபின்னும் அவர் ஒருவரே களத்தில் ஓடிக்கொண்டிருந்தார். ஓட்டம் முடிந்தது தெரியாமல் ஓடுகிறார் போலும் என்றெண்ணிக் கூட்டம் முதலில் நகைத்தது. அடுத்த சுற்றிலும் அவர் நிற்கவில்லை. நகைப்பு அடங்கியது. அதற்கடுத்த சுற்றில் கைதட்டல் எழுந்து, அவர் எல்லையைக் கடக்கும்போது அரங்கமே ஆரவாரித்தது. முதல்வர்க்கும் அவர்க்கும் இடைவெளி ஏறக்குறைய ஆறு நிமிடம். ஊரில் தமக்கொரு சிறு மகள் இருப்பதாகவும், அவள் வளர்ந்தபின், தோற்றபோதும் இறுதிவரை ஓடியதை அவளிடம் சொல்வதாகவும் அவர் கூறினாராம். பின்னாளில் ஜப்பானியர் அவர் கதையைத் தம் பள்ளிப் பிள்ளைகளின் பாடநூலில் சேர்த்தனர். முதலில் நகைத்ததும் அவ்வூர்க் கூட்டம், பாடமாக்கியதும் அவ்வூரார் என்பதே நமக்கு இதில் பிடித்தது.

அதே ஓட்டத்தில் முதலில் வந்தவரையும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். பில்லி மில்ஸ் என்னும் அவர், அமெரிக்கப் பழங்குடியான லகோட்டா மரபினர். பன்னிரண்டு வயதாகும்போதே தாய் தந்தை இருவரையும் இழந்திருந்தவர். அவர் வெல்வார் என எதிர்பார்த்தவர் எவருமிலர். கல்லூரி நாளில் சிறந்த ஓட்டக்காரர்களைப் படமெடுத்தபோது, நிறம் கருதித் தம்மை விலகி நிற்கச் சொன்னதாக அவரே பின்னர்க் கூறியுள்ளார். பாலுவின் மண் குவளை அமெரிக்காவிலும் இருந்திருக்கிறது.

கருணானந்தா ஓடிய பதினாறாம் நாள், அக்டோபர் 30இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் அதில் எண்ணிப் பிரித்தனர். எஞ்சியோரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிட்டனர். தேயிலைக் கொழுந்து பறித்து அந்நாட்டை வளர்த்த அம்மக்களில் மிகப் பெரும் பகுதியினர் நம்மவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, பலர் இம்மலைக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுக்கென்றே 1968 முதல் அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் காடு திருத்தித் தேயிலை நட்டவர்கள் அவர்கள். நம் விளையாட்டு விழாவில் ஓடும் பிள்ளைகளில் பாதிப்பேர் அவர்களின் பேரப்பிள்ளைகள், இல்லையேல் கொள்ளுப்பேரப்பிள்ளைகள்.

இப்பிள்ளைகள் ஓடிப் பழகுவது எங்கே? லைன் வீடுகளின் முன்னுள்ள சரிவில். காலையில் தொழிலாளரைப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில், அதுவும் மாலையில் கொழுந்து வண்டி போனபின். சமதரையில் சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓடும் வாய்ப்பு அவர்களிற் பலர்க்கு ஆண்டில் ஒரு நாள்தான் வாய்க்கிறது. பொதுச் சாலை, தெரு, கிணறு, பொதுவிடம் எதிலும் எவர்க்கும் தடையில்லை என 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அதே சீனிவாசனேயாவார். அந்தப் பொதுவிடத்தில்தான் நம் சிறுமி ஓடினாள், கடைசிவரை ஓடினாள். நம்மவர் கயிற்றைச் சுருட்டிவிட்டோம்.

இவற்றையெல்லாம் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எடுத்துரைத்தோம். முதல் மூவர்க்குரிய எவர்சில்வர் பாத்திரங்கள் அப்படியே இருக்கட்டும். வென்ற பிள்ளையின் வெற்றியைக் குறைத்துக் காட்டுவது வேறொரு அநீதி. கடைசிப் பிள்ளைக்குத் தனிப்பரிசு என்ற யோசனையை நாமே ஏற்கவில்லை. பிள்ளைகளுக்கு இரக்கத்தின் வாடை உடனே தெரிந்துவிடும். இரண்டே முடிவுகள் செய்தோம்: கடைசிப் பிள்ளை கடக்கும்வரை எல்லைக் கயிற்றை எவரும் எடுத்தலாகாது, ஓடி முடித்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், தாய் தந்தையர் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும், ஒலிபெருக்கியில் சொல்லப்படுதல் வேண்டும். இதனால் நிகழ்ச்சி ஒரு மணி நேரம் நீளும்; சிறப்பு விருந்தினர் பொறுத்தருள்வாராக.

கேள்வி கேட்ட பெரியவர் இம்முடிவுகளை முழுமனத்தோடு ஏற்றாரா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் இவ்வாண்டுத் தொண்டர் பட்டியலில் கயிறு பிடிக்கும் பணிக்குத் தம் பெயரை அவரே எழுதிக் கொடுத்துள்ளார். சென்ற ஆண்டு வேலியோரம் ஓடி நின்ற சிறுமியும் 400 மீட்டர் ஓட்டத்துக்கு மீண்டும் பெயர் கொடுத்திருக்கிறாள்.