வீட்டு இணையத்துக்கு மாற்று இணைப்பு: தேவனாம்பட்டினம்

வீட்டுக்குக் கம்பிவழி வரும் இணையம் நின்றுபோகும்போது, கைப்பேசி நிறுவனத்தின் டேட்டாவைக் கொண்டு வேலையைத் தொடரும் ஏற்பாடு மாற்று இணைப்பு எனப்படும். பேச்சு வழக்கில் ‘பேக்கப் சிம்’ என்பார்கள். கடலூர் நகரையொட்டிய கடற்கரை ஊரான தேவனாம்பட்டினத்தில் இதன் தேவை பெருநகரங்களில் இருப்பதைவிட அதிகம். கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே, சில்வர் பீச்சும் புனித டேவிட் கோட்டையின் எச்சங்களும் உள்ள இந்த ஊர் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் அடிபட்டது. 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, மாவட்டத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30 அன்று ‘ஃபெஞ்சல்’ புதுச்சேரி அருகே கரையேறியது.

இணையம் நிற்பதற்கு முக்கியக் காரணங்கள் மூன்று. வீட்டில் கரண்ட் போவது முதலாவது. தெருவில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஃபைபர் கேபிள் மரம் விழுந்தோ லாரி இழுத்தோ அறுவது இரண்டாவது. அப்போது வைஃபை பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். நிறுவனத்தின் நெடுந்தொலைவுக் கேபிள் எங்கோ சாலைப் பணியில் வெட்டுப்படுவது மூன்றாவது.

முதல் காரணத்துக்கு சிம் கார்டே தேவையில்லை. ஃபைபர் கண்ணாடி இழையில் ஒளியாக ஓடுவது. தெருவில் கரண்ட் இல்லாவிட்டாலும், மறுமுனையில் நிறுவனத்தின் நிலையம் பேட்டரியில் இயங்கும்வரை இணைப்பு உயிரோடுதான் இருக்கும். அணைந்தது வீட்டுப் பெட்டி மட்டுமே. பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் இயங்குவதால், கைக்கு அடக்கமான மினி யு.பி.எஸ் ஒன்று சில மணி நேரம் தாங்கும். மாற்று இணைப்புக்குச் செலவு செய்ய நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

மற்ற இரண்டுக்கும்தான் கைப்பேசி டேட்டா. இங்கே பலரும் தவறுவது நிறுவனத் தேர்வில். வீட்டு ஃபைபர் எந்த நிறுவனமோ அதே நிறுவனத்தின் சிம்மை மாற்றாக வைத்திருப்பார்கள். கைப்பேசி டவரும் நேராகவோ சுற்றியோ தரைவழிக் கேபிளை நம்பியிருப்பதுதான். நெடுந்தொலைவுக் கேபிள் அறுந்தால் அந்த நிறுவனத்தின் ஃபைபரும் டவரும் சேர்ந்தே ஊமையாகக்கூடும். ஆகவே மாற்று சிம் வேறு நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும். அதுவும் சில நேரம் போதாது. ஏர்டெல்லும் வி நிறுவனமும் பல இடங்களில் கோபுர நிறுவனமான இண்டஸ் டவர்ஸின் ஒரே கோபுரத்தில் ஆண்டெனா வைத்திருப்பவை. அந்தக் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்து ஜெனரேட்டருக்கு டீசல் வராவிட்டால் இரண்டும் ஒன்றாக மறையும். அன்றாட சிம் ஏர்டெல் என்றால் மாற்று சிம் ஜியோவோ பி.எஸ்.என்.எல்லோ ஆக இருப்பது நல்லது. பி.எஸ்.என்.எல் தன் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவையை 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கியது.

காங்கிரீட் வீட்டின் உள்ளறையில் எது எடுக்கிறது என்பது அலைவரிசையைப் பொறுத்தது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் சுவரைத் தாண்டி வரும். 2300, 3300 போன்றவை வேகமானவை, ஆனால் சுவரில் தேய்ந்துவிடும். விளம்பரத்தை நம்புவதைவிட, பக்கத்து வீட்டுக்காரரின் போனை வாங்கி நம் அறையில் வைத்துப் பார்ப்பது மேல். 2023 முதல் விற்கப்படும் ஏர்ஃபைபர் என்னும் கம்பியில்லா வீட்டு இணையமும் டவரிலிருந்து வருவதுதான். பெரும்பாலும் மொட்டைமாடியில் பெட்டி பொருத்த வேண்டியிருக்கும். புயல் காற்றடிக்கும் கரையோரத்துக்கு அதை மாற்றாகப் பரிந்துரைக்க முடியாது.

பயன்படுத்த போனின் ஹாட்ஸ்பாட் போதும். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவருக்கு, ஃபைபர் நின்றவுடன் தானாக சிம்முக்கு மாறும் ரவுட்டர் பயன்படும். ஒரு மணி நேர வீடியோ அழைப்பு சுமார் 1 ஜி.பி வரை தின்னும். ஜிபே போன்ற பணப் பரிமாற்றத்துக்கு அதில் துளிகூட வேண்டாம். ஹாட்ஸ்பாட்டில் டி.வி.யையும் இணைத்துவிட்டால், அன்றாட 1.5 ஜி.பி பேக் மதியத்துக்குள் கரைந்துவிடும். புயலுக்கு மறுநாள் தப்பி நிற்கும் ஒரே டவரை ஊரே பிடித்திழுக்கும் என்பதால் வேகமும் குறையும். அந்த வேளையில் வீடியோவைத் தவிர்த்தால், கடலுக்குப் போனவர் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேச வேண்டியவர்களுக்கு வழி கிடைக்கும்.

சும்மா கிடக்கும் சிம் செத்துப்போகும். ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் பயன்படுத்தாவிட்டால் நிறுவனம் முடக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மேலும் 30 நாள் நீட்டிப்பார்கள். இணையம் நின்ற பிறகு ரீசார்ஜ் செய்ய அலைவது வீண்பாடு. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய அன்றே பேக் போட்டு, பவர் பேங்கை நிரப்பிவிட வேண்டும்.

‘தானே’ போன்ற புயலில் எந்த டவரும் நிற்கும் என்று சொல்ல முடியாது. பேட்டரியில் பாடும் ஒரு சிறு ரேடியோவும் வீட்டில் இருக்கட்டும். புதுச்சேரி வானொலி இந்தக் கரைக்கு எட்டும்.

ஐப்பசி பிறக்குமுன் ஒரு மாலை வைஃபை பெட்டியின் கேபிளை நீங்களே கழற்றிவிட்டு, மாற்று சிம்மில் ஒரு மணி நேரம் வீட்டை நடத்திப் பாருங்கள்.