செப்பேடும் உயிரணுவும்

வடநாட்டிலிருந்து கேரளத்தின் வழியே ரயிலில் ஊர் திரும்பும் நேயர்கள் பலர் ஆலுவாவைக் கடந்திருப்பீர்கள். பழைய தலைமுறையினர் ஆல்வாய் என்று வழங்கிய ஊர் இது. இங்கே பெரியாறு இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை வடமேற்கே சேந்தமங்கலம் பக்கமாகச் சென்று முனம்பத்தில் கடலோடு கலக்கின்றது. மற்றொன்று கொச்சிக் காயலை நாடுகின்றது. சங்கப் புலவர் பாடிய முசிறித் துறை இவ்வாற்றின் கழிமுகத்தை ஒட்டியதே. 1341ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பழைய துறை தூர்ந்து, கொச்சித் துறை வாய் திறந்தது என்பர். ஆற்றோடு வாணிகமும், வாணிகத்தோடு மக்களும் இடம் பெயர்ந்தனர். அவ்வாறு பெயர்ந்தோருள் யூதரும் இருந்தனர். அவர்தம் வரலாற்றுக்கு இருவகைச் சாசனங்கள் உள. ஒன்று செம்பில் பொறிக்கப்பட்டது. மற்றொன்று உடலில் உள்ளது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிப்பதே இன்று நம் நோக்கம்.

செப்பேடு, மட்டாஞ்சேரியில் 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதப் பள்ளியில் போற்றப்பட்டு வருகின்றது. சேரப் பெருமாளாகிய பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு 72 உரிமைகளை வழங்கிய சாசனம் அது. பல்லக்கு, குடை, பகல் விளக்கு முதலியன அவற்றுள் சில. அச்சமூகத்தின் மரபு அதனைக் கி.பி. 379ஆம் ஆண்டினது என்று கூறும், கல்வெட்டறிஞர்களோ கி.பி. 1000ஐ ஒட்டியது என்று துணிந்துள்ளனர். எழுத்து வட்டெழுத்து. மொழியோ, தமிழும் மலையாளமும் முற்றப் பிரியாத காலத்து மேற்குக் கரை மொழி. ரப்பானுக்கு மட்டுமன்றி அவனுடைய ஆண்மக்கள், பெண்மக்கள், உடன்பிறந்தாள் மக்கள், மகளிரை மணந்தோர் ஆகியோருக்கும் அவ்வுரிமைகள் வழிவழியாக உரியன என்கிறது சாசனம்.

அந்த வழியினர் யாவர் என்பதிலேதான் பின்னாளில் வழக்கு எழுந்தது. 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர் துரத்தப்பட்டனர். அதன்பின் அந்நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கொச்சிக்கு வந்து சேர்ந்தோர் பரதேசிகள் எனப்பட்டனர். அவர்கள் ‘வெள்ளை யூதர்’ என்றும், முன்பே குடியிருந்த மலபார் யூதர் ‘கறுப்பு யூதர்’ என்றும் பெயர் பெற்றனர். அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றோர் வழியினர் மூன்றாம் பிரிவாயினர். ஒரே வேதத்தை ஓதியோர் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் கொள்ளவில்லை. பரதேசிப் பள்ளியில் மற்றையோருக்குச் சம உரிமையும் இல்லை. இதனை எதிர்த்துச் சத்தியாக்கிரக நெறியில் போராடிய வழக்கறிஞர் ஏ. பி. சாலெம் (1882-1967) ‘யூத காந்தி’ என்று அழைக்கப்பட்டார். குலத்தின் தூய்மைக்குத் தோலின் நிறத்தைச் சான்றாகக் கொண்டனர். வெயிலும் மழையும் மாற்றக்கூடிய ஒன்றைச் சான்றாகக் கொண்டது விந்தையே.

தோலினும் உறுதியான சான்று உயிரணுவுக்குள் கிடக்கின்றது. தோல், தசை, எலும்பு அனைத்தும் உயிரணுக்களால் ஆனவை. உயிரணுவின் நடுவே உட்கரு. அதனுள் நிறக்கோல்கள் எனப்படும் குரோமோசோம்கள் 46. தந்தை தந்தவை 23, தாய் தந்தவை 23. 1956 வரை அறிஞர்கள் 48 என்றே எண்ணி வந்தனர். நம்முள் மூத்தோர் எவரேனும் பள்ளியில் அப்படிப் படித்திருப்பின் அது அவர் குற்றமன்று. உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள. அவற்றிலும் சிறிதளவு மரபுப் பொருள் உண்டு. அது தாயிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் வரும். ஆயினும் மகள் வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். கேரளத்து மருமக்கள்தாயத் தறவாட்டில் பிறந்த ஆண்மகனும் இவ்வாறே: தான் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவன், தன் மக்களோ மனைவியின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள்.

இனி, கலப்பு எப்போது நேர்ந்தது என்பதை எவ்வாறு கணக்கிடுகிறார்கள்? முழுதும் மல்லிகையாலான மாலை ஒன்று, முழுதும் கனகாம்பரத்தாலானது ஒன்று என்று கொள்வோம். இரண்டையும் ஓரிடத்தில் அறுத்து மாற்றி முடிந்தால், ஒவ்வொன்றிலும் மல்லிகை நீளமாக ஓடும், பின் கனகாம்பரம் நீளமாக ஓடும். தலைமுறைதோறும் அறுத்து முடிந்துகொண்டே போனால் துண்டுகள் சிறுத்துக் கதம்பமாகிவிடும். கருவணுக்கள் உருவாகும்போது, இணையான நிறக்கோல்கள் தம்முள் பகுதிகளை மாற்றிக்கொள்வது இத்தகையதே. ஆதலின் துண்டு நீளமாயிருந்தால் கலப்பு அண்மையது, குறுகியதாயிருந்தால் பழையது.

2016இல் வெளிவந்த ஆய்வொன்று கொச்சி யூதர் 21 பேரின் மரபுப் பொருளை இவ்வாறு படித்தது. எண்ணிக்கை சிறிதுதான், ஆயினும் 72 பிற மக்கட் குழுக்களைச் சேர்ந்த 707 பேரின் குறிப்புகளோடு அதனை ஒப்பிட்டனர். இம்மக்கள் அக்கம்பக்கத்து இந்திய மக்களையே பெரிதும் ஒத்திருந்தனர். அதனுடன், பிற இந்தியரிடம் காணப்படாத யூத வழியும் கணிசமாக இருந்தது; மகாராஷ்டிரத்துப் பெனே இஸ்ரேலியர் மட்டுமே விலக்கு. வெளிநாட்டு யூதர் வழி வந்து கலந்தது 13 முதல் 22 தலைமுறைகளுக்கு முன்பு, அதாவது ஏறத்தாழ 470 முதல் 730 ஆண்டுகளுக்கு முன்பு. ஏமன், ஸ்பெயின், மேற்காசியா என மூன்று திசை யூதரின் சாயலும் அதில் உண்டு. இந்தக் கால எல்லைக்குள்தான் பரதேசிகளின் வருகையும் அமைகின்றது. வரலாற்று ஏடும் உயிரணுவும் இங்கே ஒத்துப் பேசுகின்றன. முற்றும் தூய குலம் என்ற கூற்றுக்கு மட்டும் இரண்டிலும் இடம் கிடைக்கவில்லை.

அவ்வாய்வு மற்றொன்றும் கண்டது. ஒரு காலத்தில் இச்சமூகம் மிகச் சுருங்கிப் போயிருந்தது. நெடுங்காலம் தமக்குள்ளேயே மணந்துகொண்டது. பழுதுபட்ட மரபணு ஒற்றையாக இருந்தால் பல நோய்கள் தோன்றுவதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேர்ந்தால் தோன்றும். சிறிய வட்டத்துள் மணப்போருக்கு அந்த வாய்ப்பு மிகுதி. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவு விடாமல் மணந்து வந்த நமக்கும் இது பிறர் கதையன்று. அத்தகைய இருவர் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பர்.

1948இல் இஸ்ரேல் தோன்றியபின், பெரும்பாலும் 1950களில், இச்சமூகத்தார் அந்நாடு சென்றனர். மட்டாஞ்சேரியில் எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத் தக்கவரே. சேந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டின் எபிரேயக் கல்லறைக் கல் ஒன்று நிற்கின்றது. சாரா என்னும் பெண்ணினுடையது. செப்பேட்டின் படி 2017இல் இந்தியப் பிரதமரின் பரிசாக இஸ்ரேல் சென்றது. மூலம் மட்டாஞ்சேரியில் உள்ளது. வட்டெழுத்துப் பயின்ற தமிழர் அதனை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம்.