கொம்புக் கூரையும் லயத்துக் கூரையும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அடையாளம் அதன் கூரை. இருமுனைகளும் எருமைக் கொம்பென மேல்நோக்கி வளைந்த மினாங்கபாவ் கூரையைக் கம்பத்து வீடுகளிலும் அரசாங்கக் கட்டடங்களிலும் இன்றும் காணலாம். அதே மாநிலத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேறொரு கூரையும் இருந்து வந்திருக்கிறது. லிங்கி, லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் நீண்டு கிடந்த லயத்துக் கூரை அது. முன்னதன் வரலாறு நூலேறியது. பின்னதன் வரலாறோ பெரும்பாலும் நம் முதியோர் நினைவில் தங்கியிருக்கிறது.

ஸ்ரீ மெனாந்தியின் பழைய அரண்மனை 1902 இல் தொடங்கப்பெற்று 1908 இல் முடிந்தது. காஹார், தாயிப் என்னும் இரு மலாய்த் தச்சர்கள், இரும்பாணி இன்றி, 99 தூண்களின்மீது அதனை எழுப்பினர். எளிய குடிகளின் வீடும் இதே அறிவின் விளைவே. தூண்மீது உயர்ந்த தளம் ஈரத்தையும் வெள்ளத்தையும் விலக்கியது. தரைவரை தாழ்ந்த நீண்ட சன்னல்கள் அமர்ந்திருப்போர் உடலிலும் காற்றுப்படச் செய்தன. செங்குத்தாய்ச் சரிந்த அத்தாப்புக் கூரை மழையை விரைந்து வடித்தது. வெயிலின் வெம்மையை உள்ளே விடவில்லை. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க நாட்டில் காற்றோட்டமே வீட்டின் உயிர் என்பதை அத்தச்சர்கள் அறிந்திருந்தனர். மேலும், அடாட் பெர்பாத்தே என்னும் மரபின்படி பரம்பரை நிலமும் வீடும் தாய்வழியே மகளுக்குச் சேர்ந்தன.

அந்த அரண்மனை எழுந்த ஆண்டுகளில்தான் இம்மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் பெருகின. ஆட்களைத் தருவிக்க 1907 இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. ஒப்பந்தக் கூலிமுறை 1910 இல் ஒழிந்தபின் கங்காணி முறை மேலோங்கி, 1938 வரை நீடித்தது. வந்து இறங்கியோருக்குத் தோட்ட நிருவாகம் கட்டிக்கொடுத்தது லயம். குறைந்த மரம், குறைந்த செலவு, விடியற்காலைப் பெரட்டுக்கு ஆட்களை எளிதில் திரட்டும் வசதி ஆகியவையே அதன் இலக்கணம். ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் அடுத்தடுத்துக் குடியிருந்தன. பக்கச் சுவர்கள் பொதுவாகையால் அவ்வழியே காற்று வர இடமில்லை. இரு வரிசைகளை முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டிய இடங்களில் காற்று முன்வாசல் வழியே வந்தால்தான் உண்டு. அத்தாப்பு போய்த் தகரம் வந்தபின் நண்பகலில் அறை அடுப்பாயிற்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்வேலியும் எழுந்தது.

இருப்பினும், நம் மக்கள் அந்த அறைகளைத் தம்முடையனவாக்கிக் கொண்டனர். வாசலில் கோலமிட்டனர், முன்தாழ்வாரத்தைத் திண்ணையாக்கினர், பின்புறத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் நட்டனர், தோட்டத்தில் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினர். நிருவாகத்தின் வரைபடத்தில் இல்லாத ஒரு தமிழ் ஊரைத் தம் கையாலேயே வரைந்துகொண்டனர் எனலாம்.

சட்டம் மெல்லவே வந்தது. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை 1966 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அதன் இடத்தில் 1990 இல் புதிய சட்டம் வந்தது. 2019 இல் திருத்தப்பெற்ற அச்சட்டம், 2020 முதல் தோட்டத்திற்கு வெளியே உள்ள தொழில்களையும் தழுவிக்கொண்டது. ஆயினும், வேலையோடு கட்டப்பட்ட வீடு வேலையோடே போகும் என்னும் நிலை அடிப்படையில் மாறவில்லை. கம்பத்தில் வீடு மகளுக்குச் சேர்ந்த அதே மாநிலத்தில், வாழ்நாளெல்லாம் பால் வெட்டிய தாய், வேலை ஓய்ந்ததும் வீட்டைக் காலிசெய்ய நேர்ந்தது. இரு கூரைகளுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு இதுவே.

இன்று உலகெங்கும் மாணவர்களிடையே வீட்டு வடிவமைப்புப் போட்டிகள் நடைபெறுகின்றன. 2002 இல் அமெரிக்காவில் தொடங்கிய சோலார் டெக்காத்லான் போட்டி, 2020 இல் இந்தியாவிலும் தொடங்கியது. இந்தியப் போட்டியில் கட்டுமானத் தொழிலாளர் குடியிருப்புக்கென்றே ஒரு பிரிவு அமைந்தது சிறப்புக்குரியது. நம் நாட்டிலும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 1970களிலிருந்து பழைய மலாய் வீடுகளை அளந்து வரைந்து வருகின்றனர். லிம் ஜீ யுவான் 1987 இல் மலாய் வீட்டைப் பற்றி எழுதிய நூல் அதன் தட்பவெப்ப அறிவை உலகறியச் செய்தது. அவ்வளவுகோல் லயத்தின்மீதும் வைக்கப்பட வேண்டாவா? நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரங்களில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எஞ்சிய லயங்கள் இடிபடுமுன் அவற்றை அளந்து வரைவது, நம் இளைஞர்கள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

தோட்டக் குடியிருப்புக்கென ஒரு போட்டி நடைபெறுமாயின், மாணவர் முன் மூன்று கேள்விகளை வைக்கலாம். காற்று இவ்வீட்டை ஊடுருவிச் செல்கிறதா? கோலத்துக்கும் விளக்குக்கும் விருந்தினருக்கும் இதில் இடமுண்டா? உழைப்பவர் ஓய்வுபெற்ற மறுநாள் இஃது எவருடையது? முதலிரண்டுக்கும் கோடுகளால் விடை கூறலாம். மூன்றாவதற்கு நிருவாகமும் அரசாங்கமும் விடை கூறவேண்டும். இன்று தோட்டங்களில் உழைப்போருள் பெரும்பாலோர் அயல்நாட்டவர். அவர்களுக்காகவும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே இவை.