ஃப்ளைட் மோடு

2016-ல் முதல்முறை வெளிநாடு கிளம்பியபோது அலுவலகத்தில் எல்லாரும் சொன்ன ஒரே அறிவுரை: "ரோமிங் பக்கம் போகாதே, பில் எகிறிடும்." மியூனிக்கில் இறங்கியும் ஃபோனை ஃப்ளைட் மோடிலேயே விட்டேன். ராத்திரி ஹோட்டல் வைஃபையில் வாட்ஸப்பைத் திறந்தால் அம்மாவிடமிருந்து பதினோரு மிஸ்டு கால். தாத்தா போய்விட்டிருந்தார். எடுப்பும் முடிந்திருந்தது.

தூரமும் தொழில்நுட்பமும்தான் காரணம் என்று ரொம்ப நாள் என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ரோமிங்கின் வரலாற்றைப் படித்தபிறகு அதுவும் முடியாமல் போயிற்று.

1980-களின் ஐரோப்பாவில் செல்பேசி நாட்டுக்கு ஒரு விதம். பிரிட்டனின் கருவி மேற்கு ஜெர்மனியில் வேலை செய்யாது. எல்லை தாண்டினால் காரில் பொருத்திய ஃபோன் வெறும் பெட்டி. 1981-ல் தொடங்கிய என்.எம்.டி. மட்டும் விதிவிலக்கு. நார்டிக் நாடுகள் சேர்ந்து உருவாக்கியது என்பதால் ஸ்வீடன்காரர் நார்வேயிலும் அதே ஃபோனில் பேசலாம். ஐரோப்பா முழுவதற்கும் ஒரே முறை வேண்டும் என்று 1982-ல் ஜி.எஸ்.எம். குழு அமைந்தது. 1987-ல் கோபன்ஹேகனில் 13 நாடுகள் ஒப்பந்தம் போட்டன. 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் முதல் அழைப்பு. அடுத்த வருஷமே டெலிகாம் பின்லாந்தும் பிரிட்டனின் வோடஃபோனும் ரோமிங் ஒப்பந்தம் செய்துகொண்டன.

இது வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சிம்மில் ஓர் அடையாள எண் இருக்கிறது. இந்திய சிம் என்றால் 404 அல்லது 405-ல் தொடங்கும். மியூனிக் நெட்வொர்க் அதைப் பார்த்து நம்ம ஊர் நெட்வொர்க்கிடம் கேட்கும்: "இவன் உங்க ஆளா?" சிம்முக்குள் ஒரு ரகசியச் சாவி உண்டு. அதன் பிரதி சொந்த நெட்வொர்க்கிடம் மட்டும். அது சாவியைக் கொடுக்காது. ஒரு கேள்வியையும் அதற்குரிய விடையையும் அனுப்பும். சிம் அதே விடையைச் சொன்னால் ஆள் சரி. உடனே ஊரில் இருக்கும் பதிவேட்டில் நான் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறேன் என்பது ஏறிவிடும். அம்மா வழக்கமான எண்ணைக் கூப்பிட்டால் போதும்.

ஆனால் அந்த அழைப்பு முதலில் இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனிக்குத் திரும்பும். அந்தப் பாதித் தூரத்துக்கான காசு எடுப்பவர் தலையில். வைத்ததுதான் விலை. 2007-ல் ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்குள் உச்சவரம்பு கொண்டுவந்தது: நிமிடத்துக்கு, கூப்பிட 49 சென்ட், எடுக்க 24 சென்ட், வரி தனி. 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்கென்று தனிக்கட்டணமே இல்லை. கட்டணத்தைக் கீழே இறக்கியது சட்டம். புதிதாக எந்தக் கண்டுபிடிப்பும் தேவைப்படவில்லை.

அன்றைக்கு மியூனிக்கில் எல்லாம் தயாராகத்தான் இருந்தது. "இவன் எங்கே?" என்ற கேள்விக்கு நான்தான் பதில் சொல்லவில்லை, பில்லுக்குப் பயந்து. இப்போதெல்லாம் விமானம் தரையைத் தொட்டதும் ஃபோனை ஆன் பண்ணிவிடுகிறேன். பில் வரும். வரட்டும்.