பரணில் ஒரு குரல்

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு அட்டைப்பெட்டி கட்டாயம் இருக்கும். கல்யாண வீடியோ, இளையராஜா கேசட்டுகள், அடியில் எங்கேயோ தாத்தா பேசிய டேப்.

அதை உடனே இறக்குங்க சார்!

பிலிப்ஸ் கேசட் வந்தது 1963-ல். ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். வீடியோ 1976-ல். கடைசிவரை வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய், 2016-ல் கடையைக் கட்டியது. உதிரி பாகம் கிடைக்கலை, விற்பனையும் இல்லை. ஆக, டேப் இருக்கும். ஓட்ட மெஷின் இருக்காது!

'செல்போன்ல ஏத்திட்டேனே' என்கிறீர்களா? 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. கோடிக்கணக்கில் போன்கள் புறப்பட்டன. 2014 நவம்பரில் பூட்டு. எட்டே வருஷம்! அந்தப் போன்களில் இருந்த பாட்டும் படமும்? வேறு இடத்தில் காப்பி எடுத்தவர்களுக்குத்தான் மிச்சம்.

முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்' (1931). இன்று பார்க்கப் பிரதி இல்லை. சினிமாவுக்கே அந்தக் கதி!

ஒரு மணி நேர டேப்பை மாற்ற ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, தங்கச்சி வீட்டில் ஒன்று. பேரும் வருஷமும் எழுதி வையுங்கள்.

முதலில் எதை மாற்றுவது? இளையராஜா எங்கேயும் கிடைப்பார். தாத்தா கிடைக்க மாட்டார்.